பர்டூ வழக்கு: திவால் நீதிமன்றம் செய்ததும் குற்றவியல் நீதிமன்றம் செய்யாததும்

2024 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பர்டூ ஃபார்மா வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது ஒன்பது நீதிபதிகளும் வழக்கமான அணிகளில் நிற்கவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச்சுடன் தாமஸ், அலிட்டோ, பேரட் ஆகிய பழமைவாத நீதிபதிகளும், பைடன் நியமித்த கெடாஞ்சி பிரவுன் ஜாக்சனும் கையெழுத்திட்டார்கள். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் ட்ரம்ப் நியமித்த பிரெட் கவனா. அவர் பக்கம் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், கூடவே தாராளவாதிகளான சோட்டோமேயரும் கேகனும். ஐந்துக்கு நான்கு. கட்சிச் சாயத்தை வைத்து எடைபோட முடியாத தீர்ப்பு இது. இரண்டு பக்க வாதங்களையும் படித்துத்தான் ஆக வேண்டும். படித்த அளவில் என் முடிவு இது: பெரும்பான்மை சொன்னதே சரி. ஆனால் திவாலாகாத உரிமையாளர்களுக்குத் திவால் நீதிமன்றம் வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தரலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் வாசல்வரை வந்ததற்குக் காரணம் திவால் சட்டத்தின் குறை மட்டுமல்ல. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, குற்றவியல் வழக்கு நடத்தியவர்கள் தங்கள் வேலையைப் பாதியில் விட்டார்கள்.

கதையின் தொடக்கம் பலருக்கும் தெரியும். பர்டூ தயாரித்த ஆக்ஸிகான்டின் என்ற வலி நிவாரணிக்கு 1995 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 1996இல் கடைக்கு வந்தது. ஓபியாய்டு என்னும் ஓபியம் குடும்பத்து மருந்தை 12 மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல விடுவிக்கும் மாத்திரை. மெதுவாக உடலில் சேர்வதால் போதைக்காகப் பயன்படுத்தும் ஈர்ப்பு குறையும் என்று நம்பப்படுவதாக அதன் விவரக் குறிப்பிலேயே ஒரு வரி இருந்தது. மாத்திரையை நசுக்கி மூக்கால் இழுத்தால் 12 மணி நேர மருந்தும் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும் என்பது அப்பலேச்சிய மலையூர்களில் சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துபோனது. 1999 முதல் 2019 வரை மருத்துவர் சீட்டில் கிடைக்கும் ஓபியாய்டு மருந்துகளின் மிகைநுகர்வால் அமெரிக்காவில் சுமார் 2,47,000 பேர் இறந்ததாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. இத்தனை சாவுக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாத்திரை காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. பர்டூவைத் தவிர வேறு உற்பத்தியாளர்கள் இருந்தார்கள். விநியோக நிறுவனங்களும் மருந்துக்கடைச் சங்கிலிகளும் இருந்தன. யோசிக்காமல் சீட்டு எழுதிய மருத்துவர்களும் இருந்தார்கள். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் பர்டூவின் பங்கை நேர்மையாக அளக்க முடியும்.

அந்த அளவீடு முதலில் நடந்தது 2007இல், வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள அபிங்டன் என்ற சின்ன ஊரின் கூட்டரசு நீதிமன்றத்தில். மற்ற வலி மருந்துகளைவிட இது அடிமைப்படுத்தும் அபாயம் குறைந்தது என்று ஏமாற்றும் நோக்கத்தோடு விற்றதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது எந்த நிறுவனம் என்பதைக் கவனிக்க வேண்டும். பர்டூ ஃபார்மா அல்ல, பர்டூ ஃபிரெடரிக் என்ற அதன் சகோதர நிறுவனம். குற்றவாளி என்ற முத்திரை விழுந்த நிறுவனம் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து விலக்கப்படும். அந்த முத்திரை சகோதர நிறுவனத்தின் மேல் விழுந்ததால் பர்டூ ஃபார்மா தன் வியாபாரத்தைத் தடையின்றித் தொடர்ந்தது. மூன்று உயரதிகாரிகள் சிறு குற்றம் என்ற வகையில் குற்றத்தை ஏற்றார்கள். அந்தச் சட்டப் பிரிவின்படி, பொறுப்பான பதவியில் இருந்தாலே போதும். தவறு நடப்பது தெரிந்திருந்ததா என்று நிரூபிக்கத் தேவையில்லை. நிறுவனமும் அவர்களும் சேர்ந்து கட்டியது சுமார் 63.45 கோடி டாலர். மூவருக்கும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை. சிறை இல்லை.

தண்டனை விதித்த நீதிபதி ஜேம்ஸ் ஜோன்ஸ் இதை அரைமனதோடுதான் ஏற்றார் என்பது அவர் எழுதிய உத்தரவைப் படித்தால் தெரியும். சிறைத்தண்டனை தரலாமா என்பது இரண்டு பக்கமும் சாயக்கூடிய கேள்வி என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த மூவருக்கும் தவறு தெரிந்திருந்தது என்பதற்கு அரசுத் தரப்பு ஆதாரம் வைக்காததால் சிறை பொருந்தாது என்று முடிக்கிறார். அவர் முன் வைக்கப்பட்ட காகிதங்களை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் குறைகாண முடியாது. வைக்கப்படாத காகிதம் ஒன்று இருந்தது என்பதுதான் சிக்கல். வழக்கை விசாரித்த அரசு வழக்கறிஞர்கள் 2006இலேயே நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் ஓர் உள் குறிப்பு எழுதியிருந்தார்கள். மாத்திரை போதைக்குப் பயன்படுவது நிர்வாகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று அதில் வாதிட்டு, உயரதிகாரிகள்மீது பெருங்குற்ற வழக்கே போட வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தார்கள். வாஷிங்டனில் நீதித்துறையின் மேல்மட்டம் அதை ஏற்கவில்லை. 2018இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட பிறகே இது நாட்டுக்குத் தெரிந்தது. குறிப்பில் இருப்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்து சோதித்த சாட்சியம் அல்ல. அதனால் அந்த மூவரும் குற்றவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காகத்தானே நீதிமன்றம் இருக்கிறது? அந்தச் சோதனையே நடக்காமல் போனது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அபிங்டன் சமரசம் எதைச் சாதித்தது என்று அளக்க எளிய வழி உண்டு. 2020 நவம்பரில் நியூஜெர்சியில் இரண்டாவது குற்ற ஒப்புதல் வந்தது, பர்டூ ஃபார்மாவிடமிருந்தே. இந்தத் தடவை மூன்று பெருங்குற்றங்கள். அதில் முதல் குற்றம் நடந்த காலம் என்று பதிவாகியிருப்பது 2007 மே முதல் 2017 மார்ச் வரை. முதல் வழக்கில் சகோதர நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் 2007 மே மாதத்தில்தான். அபிங்டனில் ஒப்புதல் தந்த அதே மாதத்திலிருந்து அடுத்த குற்றத்தின் கணக்கு ஆரம்பிக்கிறது. மருந்து தவறான கைகளுக்குப் போகாமல் தடுக்க நல்ல ஏற்பாடு வைத்திருப்பதாகப் போதைமருந்துத் தடுப்பு அமைப்பிடம் சொல்லிக்கொண்டே, சந்தேகத்துக்குரியவர்கள் என்று தானே நினைக்கக் காரணம் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் விற்பனையை நிறுவனம் தொடர்ந்திருக்கிறது. இன்னொரு குற்றம் மருத்துவமனைக் கணினித்திரைக்குள்ளேயே நடந்தது. மருத்துவர்கள் நோயாளிக் கோப்புகளைப் பராமரிக்கப் பயன்படுத்தும் மென்பொருளை விற்ற பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற நிறுவனத்துக்குப் பர்டூ சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்தது. நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது திரையில் வலி பற்றிய ஒரு நினைவூட்டல் எழும். சிகிச்சை வாய்ப்புகளின் வரிசையில் நீண்டநேரம் வேலைசெய்யும் ஓபியாய்டும் இருக்கும். மருத்துவ அறிவுரை என்ற தோற்றத்தில் வந்த அந்தச் சின்னச் சதுரத்தின் பின்னால் மருந்துக் கம்பெனியின் காசு இருந்தது. சீட்டு எழுதிய மருத்துவருக்கும் அது தெரியாது, வாங்கிக்கொண்டு போன நோயாளிக்கும் தெரியாது.

அபிங்டனுக்குப் பிறகு வேறொன்றும் மாறியது. நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தினர் அதற்கு முன் ஆண்டு வருவாயில் 15 சதவீதத்துக்கும் குறைவாகவே எடுத்துவந்தார்கள். பிறகு சில ஆண்டுகளில் 70 சதவீதம்வரை எடுத்தார்கள். ஏறக்குறைய பத்தாண்டுகளில் மொத்தம் 1,100 கோடி டாலர். அதில் பெரிய பங்கு வரிக்குப் போனது என்று குடும்பத்தின் தரப்பு சொல்கிறது. வரிக்கு நிறையவே போனது உண்மைதான். மிச்சத்தில் கணிசமான பணம் வெளிநாட்டு அறக்கட்டளைகளில் சேர்ந்ததும் உண்மை. 2019 செப்டம்பரில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்த நிலையில், பர்டூ நியூயார்க் மாநிலத்தின் வைட் பிளெயின்ஸ் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் கஜானா மெலிந்திருந்தது.

உச்ச நீதிமன்றம் எடைபோட்ட கேள்வி இங்கிருந்து எழுகிறது. திவால் ஆனது நிறுவனம். சாக்லர்கள் திவால் மனு எதுவும் போடவில்லை. ஆனாலும் 2021இல் திவால் நீதிபதி ராபர்ட் டிரெய்ன் ஏற்ற திட்டத்தின்படி, அவர்கள் சுமார் 432.5 கோடி டாலரைத் தவணைகளில் தருவார்கள். பதிலுக்கு அவர்கள்மீது யாரும் ஓபியாய்டு தொடர்பான எந்த சிவில் வழக்கும் இனிப் போட முடியாது. திட்டத்துக்குச் சம்மதிக்காதவர்களுக்கும் அந்தக் கதவு மூடப்படும். மேல்முறையீட்டின்போது குடும்பம் தன் தொகையை 600 கோடி டாலர்வரை உயர்த்தியது. வாக்களித்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் காட்டினார்கள். வாக்களிக்கத் தகுதி பெற்றவர்களில் வாக்களித்தது 20 சதவீதத்துக்கும் குறைவு என்பதை கோர்சச் எடுத்துக்காட்டுகிறார். பாதிக்கப்பட்ட தனி மனிதருக்கு அன்றைய திட்டம் குறித்த தொகை 3,500 டாலர் முதல் 48,000 டாலர்வரை. சிலருக்கு அது பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

கோர்சச்சின் வாதம் நேரானது. திவால் சட்டம் கடனாளிக்கு ஒரு பேரம் தருகிறது: உன்னிடம் இருப்பதையெல்லாம் மேசையில் வை, மிச்சக் கடனிலிருந்து விடுபடு. அப்படி வைத்த தனிமனிதருக்கும் மோசடியால் வந்த பொறுப்பிலிருந்து விடுதலை கிடையாது. சாக்லர்கள் தங்கள் சொத்து முழுவதையும் வைக்கவில்லை. மோசடிக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலை கேட்டார்கள். கடனாளிக்கே கிடைக்காத சலுகை கடனாளி அல்லாதவருக்கு எப்படிக் கிடைக்கும்? பொருத்தமான வேறு எந்த ஏற்பாட்டையும் திட்டத்தில் சேர்க்கலாம் என்ற பொதுவான ஒரு வரியைத்தான் திட்டத்தை ஆதரித்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் வரும் வரிகள் எல்லாம் கடனாளியின் உரிமைகளையும் கடன்களையும் பற்றியவை. கடைசி வரியும் அந்த எல்லைக்குள்தான் நிற்கும் என்கிறது தீர்ப்பு. கல்நார் வழக்குகளுக்கு மட்டும் இத்தகைய பாதுகாப்பை 1994இல் நாடாளுமன்றம் தனியாக எழுதிக் கொடுத்தது. பொது வரியிலேயே அந்த அதிகாரம் இருந்திருந்தால் தனியாக எழுதத் தேவை இருந்திருக்காது.

கவனாவின் மறுப்பை லேசாக ஒதுக்கிவிட முடியாது. இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், அது நியாயமில்லை. அவர் கேட்பது நடைமுறைக் கேள்வி. சாக்லர்கள் நிறுவனத்தின் இயக்குநர்களாக இருந்தவர்கள். அவர்கள்மீது வழக்கு வந்தால் வழக்குச் செலவையும் தீர்ப்புத் தொகையையும் நிறுவனம் ஈடுகட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு. அப்படியானால் அவர்கள்மீது போடும் வழக்கு சுற்றிவளைத்து நிறுவனத்தின் மிச்சக் காசையே தின்னும். 2020 குற்ற வழக்கில் வந்த பறிமுதல் என்ற வகையில் கூட்டரசுக்கு 200 கோடி டாலருக்கு முன்னுரிமை உண்டு. திட்டம் நிறைவேறினால் அதில் 177.5 கோடியை விட்டுக்கொடுக்க அரசு ஒப்புக்கொண்டிருந்தது. திட்டம் உடைந்தால் அரசு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலில் தீர்ப்பு வாங்கும் ஒருவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக, பின்னால் நிற்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். இந்த நிலைமையைத் தவிர்க்கத்தானே திவால் சட்டம் இருக்கிறது என்கிறார். வரிக்கு வரி பொருள் காணும் பெரும்பான்மையைவிட, எரிகிற வீட்டுக்குள் நிற்பவர்களை அவர் அதிகம் நினைத்துப் பார்த்தார் என்று சொன்னால் தவறில்லை.

அவர் அஞ்சியது நடந்ததா? நடந்தவற்றை வைத்து இப்போது சோதிக்கலாம். 2025 ஜனவரியில் புதிய உடன்பாடு வந்தது. சாக்லர்கள் 15 ஆண்டுகளில் 650 கோடி டாலர்வரை, பர்டூ 90 கோடி, ஆக மொத்தம் 740 கோடி. நவம்பரில் திவால் நீதிபதி ஷான் லேன் அதற்கு ஒப்புதல் தந்தார். சம்மதிக்காதவர்கள் சாக்லர்கள்மீது வழக்குப் போடும் உரிமையை இழக்கவில்லை. கட்டாய விடுவிப்பு இல்லாமல் ஒரு சதம்கூட வராது என்ற வாதம் இதோடு உடைந்தது. ஆனால் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். 600 கோடி 650 கோடியானது பெரிய உயர்வல்ல. இடையில் ஏறிய விலைவாசியைக் கழித்தால் ஏறக்குறைய அதே தொகைதான். 2021இலேயே வந்திருக்க வேண்டிய சிகிச்சைப் பணத்துக்காக ஊராட்சிகளும் குடும்பங்களும் நான்கு ஆண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைக் கவனாவின் பக்கத்தில்தான் வரவு வைக்க வேண்டும். இன்னொரு குறையும் பெரும்பான்மையைச் சேரும். சம்மதம் என்றால் என்ன என்று தீர்ப்பு வரையறுக்கவில்லை. மறுப்புத் தெரிவிக்காமல் சும்மா இருந்தவர் சம்மதித்தவர்தானா என்று நாடெங்கும் திவால் நீதிமன்றங்கள் இன்று முரண்பட்ட விடைகள் தந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பூசலை இன்னும் நான்கு வரி எழுதித் தவிர்த்திருக்கலாம்.

இத்தனையையும் தட்டில் வைத்த பிறகும் பெரும்பான்மைப் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம், சட்டப்பிரிவின் சொற்களுக்கு அப்பால் இருக்கிறது. தன் பிள்ளையின் சாவுக்கு ஒருவர் பொறுப்பா இல்லையா என்று நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை ஒரு தாய்க்குச் சொந்தமானது. மற்றவர்கள் கூடி வாக்களித்து அதை விற்றுவிட முடியாது. அந்த உரிமையின் எடை என்ன என்பது 2022 மார்ச் 10 அன்று தெரிந்தது. நீதிபதி டிரெய்ன் முன்னிலையில் இணையவழியில் ஒரு விசாரணை. குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் சாக்லர் குரல்வழி மட்டும், தெரேசாவும் டேவிடும் காணொளியில். அவர்களுக்கு எதிரில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு பெற்றோர், மகன் அசைவற்றுக் கிடந்ததைக் கண்ட தருணத்தில் அவசர உதவி எண்ணை அழைத்து அலறிய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அந்த மூவரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், பதில் பேச அனுமதி இல்லை. இருபதாண்டு வழக்குகளில் உரிமையாளர்களும் பாதிக்கப்பட்டவர்களும் நேருக்கு நேர் இருந்த நாள் இது. இதுவும் பேரத்தில் ஒரு நிபந்தனையாகக் கிடைத்ததுதான். அதற்கு முந்தைய ஆகஸ்டில் இதே நீதிமன்றத்தில் ரிச்சர்ட் சாக்லர் சாட்சி சொன்னபோது ஓபியாய்டு நெருக்கடிக்குத் தனக்கோ, குடும்பத்துக்கோ, நிறுவனத்துக்கோ பொறுப்பு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். குடும்பம் இன்றுவரை அதே நிலையில்தான் நிற்கிறது. அவர்களில் யார்மீதும் குற்ற வழக்கு போடப்பட்டதும் இல்லை. ஆகவே அந்த மறுப்பை எதிர்த்துச் சோதிக்க மிஞ்சியிருந்த ஒரே இடம் சிவில் நீதிமன்றம்தான். அதையும் கட்டாயமாக மூடியிருந்தால் கேள்வி கேட்க இடமே இருந்திருக்காது.

சிவில் வழக்குகள் தம்மால் முடிந்ததைச் செய்தன என்றே சொல்வேன். பணம் வந்தது. 3 கோடிக்கும் மேற்பட்ட உள் ஆவணங்கள் பொதுப் பார்வைக்கு வரப்போகின்றன. வரும் தலைமுறை ஆய்வாளர்களுக்கு இதுவே இந்த வழக்கின் மிகப் பெரிய சொத்தாக இருக்கும். சிவில் வழக்குகளின் எல்லையும் தெரிந்தது. ஓக்லஹோமாவில் ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கு எதிராக 2019இல் விதித்த 46.5 கோடி டாலர் தீர்ப்பு 2021இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. பொதுத் தொல்லை என்ற பழைய சட்டக் கோட்பாட்டை மருந்து விற்பனைவரை இழுக்க முடியாது என்றது அந்த நீதிமன்றம். நிறுவனத்தையும் பணத்தையும் தாண்டி ஒரு மனிதரின் செயலைக் குற்றம் என்று பெயர் சொல்லித் தீர்ப்பது சிவில் நீதிமன்றத்தின் வேலை அல்ல.

அந்த வேலை குற்றவியல் நீதிமன்றத்தினுடையது. முடியாத வேலையும் அல்ல என்பதற்கு பாஸ்டனில் நடந்த இன்சிஸ் வழக்கு சாட்சி. அமிர்தசரஸில் பிறந்து அமெரிக்காவில் மருந்துத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த ஜான் கபூர், ஃபென்டனில் கலந்த தெளிப்பு மருந்தை விற்ற இன்சிஸின் நிறுவனர். பேச்சுக் கட்டணம் என்ற பெயரில் மருத்துவர்களுக்கு லஞ்சம் கொடுத்த சதியில் 2019 மே மாதம் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2020 ஜனவரியில் 66 மாதச் சிறை. விசாரணையின்போது விற்பனைப் பிரிவுக்காக எடுத்த ஒரு ராப் காணொளியை ஜூரிக்குப் போட்டுக் காட்டினார்கள். மருந்தின் அளவைக் கூட்டச் சொல்லி விற்பனையாளர்கள் பாடி ஆட, ஆளுயர மருந்துக் குப்பி ஒன்றும் கூடவே ஆடுகிறது. கடைசியில் குப்பிக்குள்ளிருந்து வெளியே வருபவர் விற்பனைப் பிரிவின் துணைத் தலைவர். அவரும் தலைமை நிர்வாகியும் முன்பே குற்றத்தை ஏற்று, கபூருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள்.

இன்சிஸில் நடந்தது பச்சையான லஞ்சம். பர்டூ விற்றதோ அரசு அனுமதித்த மருந்து, அரசே அங்கீகரித்த விவரக் குறிப்போடு. இயக்குநர் குழுவில் இருந்தவர்களின் மனத்தில் இருந்ததைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது கடினம். காலவரம்பும் குறுக்கே நிற்கும். இந்த வேறுபாடுகள் எல்லாம் உண்மை, அரசு வழக்கறிஞர்கள் இவற்றை எடைபோட்டே ஆக வேண்டும். ஆனால் இன்சிஸ் வழக்கு வென்றது வெறும் ஆவணத்தால் அல்ல. நிறுவனருக்குக் கீழே இருந்தவர்கள்மீது கனமான வழக்குப் போட்டதால், அவர்கள் மேலே இருந்தவரைப் பற்றிப் பேச முன்வந்தார்கள். அபிங்டனில் மூவருக்கும் தெரிந்திருந்ததா என்றே கேட்க வேண்டாத சிறு குற்றத்தைக் கொடுத்ததால், மேலே யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று அவர்கள் வாய்திறக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஏணியின் முதல் படியை அரசே எடுத்துவிட்ட பிறகு மேல்படிக்கு எப்படிப் போவது?

2020இல் இரண்டாவது வாய்ப்பு வந்தது. அறிவிப்பில் மொத்தம் 830 கோடி டாலர் என்று பெரிய எழுத்தில் சொன்னார்கள். அதில் 354.4 கோடி அபராதம், 200 கோடி பறிமுதல், மீதி சிவில் கோரிக்கை. திவாலான நிறுவனத்திடமிருந்து ரொக்கமாகக் கூட்டரசு வாங்க ஒப்புக்கொண்டது 22.5 கோடி. சாக்லர்கள் தனியாக ஒரு 22.5 கோடியை, தவறை ஒப்புக்கொள்ளாமல், சிவில் சமரசமாகக் கட்டினார்கள். தனி மனிதர்கள்மீது குற்ற வழக்குத் தொடரும் உரிமையை அரசு எழுத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பயன்படுத்தவும் இல்லை. நிறுவனத்தின் சார்பில் குற்றத்தை ஏற்று நீதிபதிக்குப் பதில் சொன்னவர் அதன் அன்றைய தலைவர். அவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது 2018இல், ஒப்புக்கொண்ட குற்றங்களின் காலம் முடிந்த பிறகு.